மஞ்சள் தடவிய சப்பாத்து

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எடுத்த புதுத்துணி எதுவானாலும், ஓரத்தில் மஞ்சள் வைத்த பிறகுதான் உடம்பில் ஏறும். போன தீபாவளி விடியற்காலையில் அம்மா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு சாமி மாடத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். எதிரே அடுக்கியிருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. புடவையைக் காணோம். மலையேறும் சப்பாத்து ஒரு ஜோடி, 55 லிட்டர் முதுகுப்பை, நெற்றியில் கட்டும் விளக்கு, இரண்டு ஊன்றுகோல், தூங்கும் பை, தண்ணீர் வடிகட்டி, புத்தகம் போல மடங்கும் சூரியத் தகடு ஒன்று. எல்லாம் எனக்கு.

“இதுல ஓரம் எங்க பிள்ள இருக்கு?” என்றார்.

அப்புறம் அவரே முடிவு செய்துகொண்டார். சப்பாத்தின் நாக்கில் ஒரு பொட்டு, பையின் தோள்பட்டையில் ஒரு பொட்டு, விளக்கின் பட்டையில் ஒன்று. ஊன்றுகோலில் எங்கே வைப்பது என்று பிடிபடாமல் கைப்பிடியில் தேய்த்துவிட்டார். அந்தக் கறை இன்னும் போகவில்லை. போகவும் போகாது, மஞ்சள் அல்லவா.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். ஆகஸ்டு மாதம் ஒரு ராத்திரி, குடும்ப வாட்சாப் குழுவில், “மார்ச்சில் குனோங் தஹான் ஏறப் போகிறேன். இந்தத் தீபாவளிக்கு யாரும் எனக்குப் புடவை எடுக்க வேண்டாம்” என்று போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். 46 வயதுக்காரி, சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் உட்காருகிறவள், திடீரென்று இப்படிச் சொன்னால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? காலையில் பார்த்தால் 63 செய்திகள். பாதி சிரிப்பு, பாதி அதிர்ச்சி. என் வீட்டுக்காரர் மட்டும் பக்கத்து அறையில் இருந்துகொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

அவ்வளவு திடீரென்றும் இல்லை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் ஈப்போவுக்குப் போய் கிளேடாங் மலை ஏறிக்கொண்டிருந்தேன். 808 மீட்டர். உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள், அதுவரை தார் ரோடு, பக்கவாட்டில் காட்டுப் பாதைகள். அங்கே பழக்கமான ஏழு பேரும் நானும் சேர்ந்து முடிவு செய்ததுதான் தஹான். 2,187 மீட்டர், தீபகற்ப மலேசியாவில் அதற்கு மேல் மலை கிடையாது. எங்கள் பேராக் மாநிலத்திலேயே இருக்கும் குனோங் கோர்பு அதைவிட 4 மீட்டர்தான் குறைவு. வீட்டு வாசலில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் பகாங்குக்கு ஓடுகிறாய் என்று கேட்டவர்களிடம் சொல்ல நல்ல பதில் எதுவும் என்னிடம் இல்லை. நான்கு மீட்டருக்காக வாழ்நாள் முழுக்க ‘ரெண்டாவது பெரிய மலை ஏறினேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தஹான் பாதையை ஆண்டிறுதி மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். ஆகவே தீபாவளிக்கும் மலைக்கும் நடுவே நான்கு மாதம் கிடைத்தது. அந்த நான்கு மாதமும் அந்தச் சாமான்கள் எங்கள் வீட்டு ஹாலில்தான் கிடந்தன, அம்மாவின் கண் முன்னால்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 74. பதினான்கு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். எங்கள் ஊரைச் சுற்றி அப்போது எங்கே பார்த்தாலும் பால்மரம். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்தோம். அங்கிருந்து சில பெண்கள் சேர்ந்து ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், சின்னத் தோட்டத்தில் குத்தகைக்கு வெட்டினார்கள். விடிகாலை மூன்று மணிக்கே கிளம்புவார்கள். இருட்டும் குளிரும் இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் சொட்டு நின்றுவிடும். அதனால் எனக்கு நினைவு தெரிந்த அம்மா, நெற்றியில் விளக்கு கட்டிய அம்மா.

மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய தலைவிளக்கை முதலில் எடுத்துப் பார்த்ததும் அவர்தான். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஒரு முட்டை கனம்கூட இல்லை. “இதுக்குத் தண்ணி எங்க ஊத்துறது?”

கிண்டல் இல்லை; அவருடைய விளக்குக்குத் தண்ணீர் வேண்டும். கார்பைட் விளக்கு. பித்தளைக் குப்பி மாதிரி இருக்கும். கீழ் அறையில் கார்பைட் கல், மேல் அறையில் தண்ணீர். திருகைக் கொஞ்சம் திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழும். அதிலிருந்து கிளம்பும் அசெட்டிலின் வாயுதான் முனையில் வெள்ளையாக எரியும். வீடு முழுக்க அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை. எரிந்து முடிந்த கல் சுண்ணாம்புக் கூழாகியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தட்டிக் கொட்டி, குப்பியைச் சாம்பல் போட்டுக் கழுவி வைப்பது என் வேலை. கையில் அந்த வாடை ராத்திரி வரைக்கும் இருக்கும்.

மகள் தந்ததில் 400 லூமென் வெளிச்சம். மின்னூட்டிக்கொள்ளலாம். விசையை இரண்டு முறை அமுக்கினால் சிவப்பு வெளிச்சம் வரும். நான் கடைக்காரன் மாதிரி ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். வெள்ளை வெளிச்சத்துக்கு அம்மா அசரவில்லை. சிவப்பு வந்ததும், “இது எதுக்கு?” என்றார். பக்கத்தில் இருப்பவர் கண் கூசாது, பூச்சியும் அவ்வளவாக மொய்க்காது என்றேன்.

“பூச்சி வராதா?” என்று மறுபடியும் கேட்டார். பிறகு அதைத் தலையில் கட்டச் சொன்னார். நரைத்த கொண்டைக்கு மேல் பட்டையை இழுத்துவிட்டு, ஹால் விளக்கை அணைத்துவிட்டு, சிவப்பு வெளிச்சத்தோடு சமையலறை வரை போய்வந்தார். “கண்ணுக்குள்ள வந்து விழும் பிள்ள, அந்தப் பூச்சி. ஒரு கையில உளி, ஒரு கையில மரம். எத வச்சித் தட்டுறது?”

அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். ஏழு பெண்கள், ஆளுக்கொரு நிரை. பக்கத்து நிரையில் இருப்பவள் முகம் தெரியாது, வெளிச்சம் மட்டும் மரத்துக்கு மரம் நகர்வது தெரியும். அவ்வப்போது தலையை நிமிர்த்தி எண்ணிக்கொள்வார்களாம். தன்னைத் தவிர ஆறு வெளிச்சம் இருந்தால் சரி. ஐந்துதான் என்றால் உடனே கூப்பாடு. பெரும்பாலும் கல் தீர்ந்து விளக்கு அணைந்திருக்கும், இல்லை யாராவது ஒதுங்கப் போயிருப்பார்கள். ஆனாலும் பதில் குரல் வரும் வரைக்கும் யாரும் அடுத்த மரத்தைத் தொட மாட்டார்கள்.

சப்பாத்து மகன் வாங்கித் தந்தது. பினாங்கில் தொழிற்சாலை வேலை. ஆண்டிறுதி போனசை நம்பி முன்கூட்டியே செலவு செய்துவிட்டான் என்று நினைக்கிறேன். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தான், ஆனால் பெட்டிக்குள் ரசீது இருந்தது. 689 ரிங்கிட். பார்க்க அழகுதான். கணுக்கால் வரை ஏறும், அடிப்பாகம் லாரி டயர் மாதிரி, உள்ளே தண்ணீர் புகாத சவ்வு. ஒட்டாத தோசைச் சட்டியில் பூசுகிறார்களே, அந்தப் பொருளையே இழுத்து மெல்லிய படலமாக்கி வைப்பதுதான் இந்தச் சவ்வுகளில் பிரபலமான வகை. அதில் உள்ள துளைகள் வழியே தண்ணீர்த் துளி நுழையாது, வியர்வை ஆவி மட்டும் வெளியேறும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவி தானாக வெளியே ஓடிவிடாது. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே காற்று காய்ந்தும் இருந்தால்தான் ஓடும். நம் காட்டில் வெளிக்காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கிளேடாங்கில் ஏறும்போதே நல்ல மழை. கால்சட்டை வழியாக வழிந்த தண்ணீர் சப்பாத்தின் வாய் வழியே உள்ளே போய்விட்டது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி? அதுதான் தண்ணீர் புகாத சப்பாத்து ஆயிற்றே. இரண்டு வாளியைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். வீட்டுக்கு வந்து அதைக் கவிழ்த்தபோது அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனவர் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே கறுப்பு ரப்பர் சப்பாத்து. மலேசியாவில் இதற்கு அறிமுகம் தேவையில்லை: கம்போங் அடிடாஸ், அதாவது கிராமத்து அடிடாஸ். அடிடாஸ் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாரோ குறும்புக்காரர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. முழுக்க ரப்பர், அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள். இரும்புச் சாமான் கடையில் மண்வெட்டிக்கும் உரமூட்டைக்கும் நடுவே கயிற்றில் கோத்துத் தொங்கும். 12 ரிங்கிட்.

“நான் முப்பது வருசம் இதத்தான் போட்டேன். ஒரு நாள் வழுக்கி விழுந்ததில்ல” என்றார். இது முழு உண்மை இல்லை. 1989 வாக்கில் ஒரு தடவை கால்வாயில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்லக் கூடாது என்ற அறிவு எனக்கு உண்டு.

கிளேடாங்கில் விசாரித்தால், அம்மா சொன்னதையே எல்லோரும் சொன்னார்கள். மலைகளில் சுமை தூக்கும் ஆட்கள், வழிகாட்டிகள், பல ஓட்டக்காரர்கள்கூட இதைத்தான் போடுகிறார்களாம். ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது. ஆற்றில் இறங்கி ஏறினால் நாலு எட்டில் தண்ணீர் பிதுங்கி வெளியே போய்விடும். களிமண்ணில் அந்தக் குமிழ்கள் நன்றாகக் கவ்வும். ராத்திரி ஒரு குச்சியில் கவிழ்த்து வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். நான் யோசித்துப் பார்த்தேன். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னமும் அங்கே மரமாக நிற்கிறது, எங்கள் ஊரிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். அங்கே தொடங்கியதற்குப் பிறகு எத்தனை கோடி மங்குப் பால் இந்த நாட்டிலிருந்து கப்பலேறியிருக்கும். வெட்டியவர்கள் காலுக்குத் திரும்பி வந்தது இந்தக் கறுப்புச் சப்பாத்து.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது இதைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போய்விடுவார்கள். பாதத்துக்கு மெத்தை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லும். கணுக்காலுக்குப் பிடிமானம் கிடையாது. இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி விரல் நுனி இடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு நான் கண்ட வழி: மகன் தந்த சப்பாத்திலிருந்து உள்மெத்தையை உருவி, கத்தரியால் ஓரம் வெட்டி, பன்னிரண்டு வெள்ளிச் சப்பாத்துக்குள் போட்டேன். காற்பந்துக்காரர்கள் போடும் நீளமான காலுறை இரண்டு ஜோடி. 689-க்கும் 12-க்கும் இப்படி ஒரு கல்யாணம். மகனிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.

அதற்கும் அம்மா மஞ்சள் வைத்தார். “தீபாவளி முடிஞ்சிருச்சேம்மா” என்றேன். “புதுசு புதுசுதான” என்றார்.

இதுவரை கதை அம்மா பக்கமே சாய்கிறது. முதுகுப்பை விஷயத்தில் அப்படி இல்லை.

பை தம்பி கொடுத்தது. ஷா ஆலாமிலிருந்து தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வந்து இறங்கியவன், என்னை நிற்க வைத்துத் துணிக்கடைக்காரன் மாதிரி அளவெடுத்தான். கழுத்துக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைக்கும் உள்ள நீளம்தான் பைக்கு அளவாம். ஆளின் உயரம் முக்கியமில்லை. நான் குட்டை, ஆனால் என் முதுகு நீளம். 46 வருடத்தில் எனக்கே தெரியாத செய்தி. அந்த அளவுக்குப் பையின் பட்டையை ஏற்றி இறக்கிப் பொருத்திக் கொடுத்தான்.

பிப்ரவரி கடைசியில் சாமான் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தேன். கனமானவை முதுகை ஒட்டி நடுவில், தூங்கும் பை அடியில், மழைச்சட்டை மேலே. அரிசி, நெத்திலி, சார்டின், மேகி, எனக்கு ஒதுக்கிய எரிவாயுக் குப்பி. பெட்டி எடை போடும் கையளவுத் தராசில் தொங்கவிட்டால் 13.8 கிலோ காட்டியது. அம்மாவுக்கு அந்தத் தராசில் நம்பிக்கை இல்லை. பால் ஸ்டோரில் கிராணி (தோட்டக் கணக்கர்) எடை போட்ட காலத்திலிருந்தே அவருக்கு எந்தத் தராசிலும் நம்பிக்கை இல்லை. பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “பதினஞ்சு இருக்கும். இத நாலு நாள் தோள்ல போட்டா அப்புறம் கை தூக்க முடியாது. என்னப் பாரு” என்றார்.

அவருடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். காண்டாக் கம்பு உட்கார்ந்த இடம். கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்கும். நிரையிலிருந்து ஸ்டோர் வரை மேடு பள்ளத்தில் அதைச் சிந்தாமல் கொண்டுவர வேண்டும். கூலி சிந்தாத பாலுக்குத்தான். அந்தத் தோளில் சதை காய்த்துப்போய் ஒரு மேடு உண்டு. சின்ன வயதில் நான் அதைத் தொட்டுப் பார்த்து விளையாடியிருக்கிறேன்.

“தோள்ல இல்லம்மா, இடுப்புல” என்றேன். அவருக்குப் புரியவில்லை. சரி, போட்டே பார்க்கட்டும் என்று பாதிச் சாமானை எடுத்துவிட்டு ஏழெட்டுக் கிலோ மட்டும் வைத்துக் கட்டினேன். முதலில் தோள்பட்டையை மாட்டினேன். அம்மாவின் முகம் சுருங்கியது. உடம்பு தானாக வலது பக்கம் சாய்ந்தது. “இருங்க, இருங்க” என்று சொல்லிக்கொண்டே முன்னால் மண்டியிட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து, கொக்கியைப் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கினேன். அப்புறம் தோள்பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

பாரம் தோளை விட்டு இறங்கும் அந்த நொடி, பை போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வந்துவிடும். அம்மா அந்த இடைவெளியில் தன் விரலை விட்டுப் பார்த்தார். ஹாலில் இரண்டு நடை நடந்தார். மாடிப்படியில் நான்கு படி ஏறி இறங்கினார். நின்றார். பட்டைக்கும் தோளுக்கும் நடுவில் விரல் இன்னும் இருந்தது.

“இந்த வாரு மட்டும் இருந்தாப் போதுமே, பிள்ள” என்றார். “ஒரு வாருதான.”

நான் கொக்கியை அவிழ்க்கப் போனேன். இருக்கட்டும் என்று கையால் காட்டினார். அப்படியே பையோடு சோபா முனையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தொலைக்காட்சி பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஊன்றுகோலின் முனையில் டங்ஸ்டன் கார்பைட் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, தண்ணீர் பட்டால் எரியுமா என்று அம்மா கேட்டார். பெயர்தான் ஒன்று, இது வேறு, வெறும் கெட்டி உலோகம் மாதிரி என்று விளக்கினேன். நம்பினாரா தெரியாது, மழை நாளில் அவற்றை அடுப்புப் பக்கம் வைக்க விடவில்லை. வடிகட்டி நல்ல பொருள், ஆனால் எலி மூத்திரக் காய்ச்சல் கிருமி நூல் மாதிரி மெல்லியது, 0.2 மைக்ரான் வடிகட்டியில்கூட நழுவிப் போகக்கூடியது. கிளினிக்கில் அந்தக் காய்ச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடித்தேன். குழுவில் எல்லோருக்கும் என்மேல் சலிப்பு. சூரியத் தகடு தம்பி மனைவியின் அன்பளிப்பு. நல்ல மனசு. ஆனால் மழைக்காட்டுக்குள் வெயில் தரையைத் தொட்டால்தானே. அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். இப்போது கொடிக்கம்பி ஓரத்தில் என் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு மின்னூட்டுகிறது.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை விடியுமுன் கிளம்பினோம். சிம்பாங் பூலாய் வழியாக லோஜிங் ஏறி, குவா மூசாங் இறங்கி, மெராப்போ. தேசியப் பூங்காவின் வாசல் சுங்கை ரெலாவில். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, பையிலுள்ள சாமான் அத்தனையும் தரையில் கொட்டி எண்ண வேண்டும் என்பது. மேகிப் பொட்டலம் எத்தனை, சார்டின் டின் எத்தனை, பேட்டரி எத்தனை, பிளாஸ்டிக் பை எத்தனை, மிட்டாய்கூட எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது காலி உறைகளை அதே கணக்குக்குக் காட்ட வேண்டும். காட்டில் குப்பை விழாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அங்கே சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு சீருடைக்காரர் என் அரிசிப் பையைத் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்தபோது பாட்டியின் ஞாபகம் வந்துவிட்டது. கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார ஆட்சி அறிவித்த அவசரகாலம் தொடங்கியதே எங்கள் ஊரில்தான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டின் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு வந்த வருடங்களில் தோட்டத்து ஆட்களை முள்கம்பி வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்கள் கையில் சாப்பாடு கொண்டுபோகத் தடை. வாசலில் சோதனை. கடையில் சார்டின் வாங்கினால் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் தருவாராம், பதுக்கி வைக்க முடியாதபடி. பாட்டி பசியோடு வெட்டிவிட்டு மத்தியானம் வந்துதான் பசியாறுவார். அந்தப் பாட்டியின் பேத்தி நான், நான்கு டின் சார்டினைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போகிறேன், சும்மா நடக்க.

சீருடைக்காரர் பையின் தோள்பட்டையைக் காட்டி, “இனி அபா, கக்?” என்றார். இது என்ன அக்கா என்று மலாயில் கேட்கிறார்.

“குன்யிட்” என்றேன். மஞ்சள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பொட்டலத்தை எண்ணப் போனார்.

மலையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்; நான் சப்பாத்துக் கணக்கை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் கெம் கோர் என்ற முகாம் வரும் முன்னால் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். நல்ல சப்பாத்துக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் கரையில் உட்கார்ந்து கழற்றி, தோளில் தொங்கவிட்டு, அக்கரையில் உட்கார்ந்து மாட்டினார்கள். மூன்றாவது ஆற்றுக்குப் பிறகு அலுத்துப்போய் அப்படியே இறங்கிவிட்டார்கள். நானும் வழிகாட்டியும் ரோட்டைக் கடப்பது போலக் கடந்துகொண்டிருந்தோம். அவர் காலிலும் கம்போங் அடிடாஸ்தான். என் காலைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்சம் மரியாதை கூடியதாக எனக்கு ஒரு பிரமை.

இரண்டாம் நாள் குபாங் முகாமுக்குப் போகும் வழியில், எங்கள் குழுவின் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், திடீரென்று நின்றார். வலது சப்பாத்தின் அடிப்பாகம் முதலை மாதிரி வாயைத் திறந்திருந்தது. அரை மணி நேரத்தில் இடதும். பழைய சப்பாத்து, விலை உயர்ந்தது, ஆறு வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாராம். அந்தப் பத்திரம்தான் வினை. அடியில் வைக்கும் பாலியூரித்தேன் நுரையை ஈரக்காற்று உள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். போட்டு நடந்தாலாவது கொஞ்ச நாள் தாங்கும். வழிகாட்டி பிளாஸ்டிக் கயிற்றால் சுற்றிக் கட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் தாங்கியது. அப்புறம் தன் பையிலிருந்து மாற்றுக்கு வைத்திருந்த கறுப்புச் சப்பாத்தை எடுத்து நீட்டினார். ஆசிரியருக்கு ஒரு எண் சின்னது. முனையைக் கத்தியால் வெட்டிவிட்டு, பெருவிரல் வெளியே தெரிய நடந்தார்.

குபாங்குக்கு மேலே முகாம்களின் பெயரே வழி சொல்லிவிடும். பெலுமுட் என்றால் பாசி படிந்தது. அங்கே மரம், கல், வேர் எல்லாம் பாசிக்குள் புதைந்து கிடக்கின்றன. பொன்சாய் வந்தால் மரங்கள் இடுப்பளவுக்குக் குறுகிவிடும். போத்தாக் என்றால் மொட்டை. உச்சிக்குப் போன அன்று குபாங்கிலிருந்து விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். வரிசையில் நான் கடைசி. மேலே வளைந்து ஏறிய பாதையில் முன்னால் போனவர்களின் விளக்குகள் மட்டும் தெரிந்தன. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். உச்சியில் மேகம்தான், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நல்ல குளிர். பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படம் எடுத்தோம், நெத்திலிச் சம்பாலும் பிரெட்டும் தின்றோம், இறங்கினோம். இறக்கத்தில் நான் முன்பே சொன்ன அந்த விரல் இடிப்பு. வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன. பிறகு விழுந்தும் போயின. அட்டைக்கடி பதினேழு, முழங்காலுக்குக் கீழே எண்ணியது. தோளில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படங்களைக் காட்டினேன். உச்சிப் படம், பாசிக்காடு, ஆசிரியரின் பெருவிரல். அதற்கெல்லாம் “ம்” கொட்டிக்கொண்டே வந்தார். நான் தள்ளிவிடப் போன ஒரு படத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார். முழுக்க இருட்டு, நடுவில் வளைந்து போகும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். படமாக அது ஒன்றுமே இல்லை. குழுவில் போட்டபோது ஒருவர்கூட விரும்பவில்லை.

கைப்பேசியை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

“எத்தன பேரு போனீங்க?”

“வழிகாட்டியோட சேத்து ஒம்போது பேரும்மா.”

ஆள்காட்டி விரலால் திரையைத் தொடாமல் மேலேயே வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். “எட்டுதான் இருக்கு.”

“படம் எடுத்தது நான்ம்மா.”

“ஓ” என்றார். பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணினார்.